காய்ச்சல் வந்த தங்கமும் கொடைக்கானல் கோடுகளும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சரியான காய்ச்சல். நெல்லித்தோப்பு வீட்டுல படுத்துக் கிடக்கிறேன். அம்மா தெர்மாமீட்டரைக் கக்கத்துல சொருகிட்டு, "எடுத்துடாதடா, ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. பொட்டி தட்டுறவன் மூளை சும்மா இருக்குமா? எதுக்கு ரெண்டு நிமிஷம்? கருவியும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வரணும், அதுக்கு அவகாசம் வேணும். சரி, பொருள் ரெண்டு நிமிஷம் இருக்கவே இருக்காதுன்னா? தொட்ட உடனே தெர்மாமீட்டரே ஆவியாயிடும்னா?

சக்தி வாய்ந்த லேசரால அடிபட்ட உலோகம் அந்த ரகம்தான். அதோட சூட்டை அளந்த கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும், பொறுத்துக்குங்க :-)

தொட முடியாத சூடுங்கிற தலைவலி லேசருக்கு ரொம்ப முன்னாடியே சூரியனைப் பார்த்தவங்களுக்கு இருந்தது. அங்க இருந்து நம்ம கைக்கு வர்றது வெளிச்சம் மட்டும்தான். 1899-ல கொடைக்கானல்ல சூரிய ஆய்வகம் தொடங்கினாங்க. 1909 ஜனவரியில அங்க ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளோட நிறமாலையைப் பார்த்தப்ப, அதுல இருந்த கருப்புக் கோடுகள் லேசா இடம் மாறியிருந்தது. அதை வெச்சு, புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். அதுக்கு இன்னிக்கும் எவர்ஷெட் விளைவுன்னுதான் பேர்.

கோடு ஏன் நகருது? நெல்லித்தோப்பு சிக்னல்ல நின்னு பாருங்க. பஸ் நம்மளை நோக்கி வர்றப்ப ஹாரன் கீச்சுனு கேக்கும், தாண்டிப் போனதும் சத்தம் இறங்கிடும். டாப்ளர் விளைவு. வெளிச்சத்துக்கும் இதே கதைதான். எவர்ஷெட் அளந்தது ஓட்டத்தை, சூட்டை இல்ல. ஆனா இந்தச் சூத்திரத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில வேலைக்கு ஆகும்.

சூட்டைப் படிக்க வழி சொன்னவர் மேகநாத் சாகா. ஒரு வெப்பநிலையில, ஒரு அழுத்தத்துல, எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து நிக்கும்னு 1920-ல சமன்பாடு போட்டார். நட்சத்திரத்தோட கோடுகளைப் பார்த்து வெப்பநிலை சொல்லலாம்னு ஆச்சு. 1925-ல செசிலியா பெய்ன் இதை வெச்சுத்தான் நட்சத்திரங்கள்ல பெரும்பகுதி ஹைட்ரஜன்னு காட்டுனாங்க.

அப்புறம் லேசர் வந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துல ஜி. ரவீந்திர குமார் குழு, ஒரு லேசர் துடிப்பால பொருளை அடிச்சு, பின்னாடியே இன்னொரு மெல்லிய துடிப்பை அனுப்பி, திரும்பி வர்ற ஒளியோட டாப்ளர் மாற்றத்துல பிளாஸ்மாவோட வேகத்தைப் படிச்சாங்க. கொடைக்கானல் சூத்திரமேதான்.

ஆனா சூடு மட்டும் பிடி கொடுக்கல. சாகா சமன்பாடு எல்லாம் ஒரே சூட்டுல சமநிலையில இருக்குன்னு நம்புது. லேசர் அடிச்ச கணத்துல எலெக்ட்ரான் கொதிக்கும், அணு இன்னும் ஜில்லுனு இருக்கும். ஒரே பொருளுக்கு ரெண்டு வெப்பநிலை! போதாததுக்கு, அடர்த்தியான உலோகத்தோட மேல்தோல்ல இருந்துதான் வெளிச்சம் வரும், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது. அதனால பல வருஷமா மாடல் சொன்ன நம்பர்தான் நம்பர். கோள்களோட நடுவயிறு எப்படி இருக்கும், அணுக்கரு இணைவுல மின்சாரம் எடுக்கலாமாங்கிற கணக்கெல்லாம் இந்த மாதிரிப் பொருளைப் பத்தின நம்பர்களை நம்பி நிக்குது. அடித்தளமே உத்தேசம்னா?

முடிச்சு அவிழ்ந்தது 2025-ல. அமெரிக்காவுல நெவாடா பல்கலைக்கழக டாம் ஒயிட்டும் ஸ்லாக் ஆய்வுக்கூட பாப் நாக்லரும் இருந்த குழு, 50 நானோமீட்டர் தடிமன் தங்கத் தகடை லேசரால அடிச்சாங்க. உடனே எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினாங்க. அணுக்கள்ல பட்டுச் சிதறுன கதிரோட அதிர்வெண் விரிஞ்சிருந்தது. அதே டாப்ளர்! சிக்னல்ல ஒரு பஸ்ஸுக்குப் பதிலா நூறு பஸ் ரெண்டு பக்கமும் தாறுமாறா ஓடுனா ஹாரன் சத்தம் கலவையா விரியும்ல, அப்படி. விரிவு எவ்வளவோ அணுவோட வேகம் அவ்வளவு. அணுவோட வேகம்தானே சூடு? மாடலே வேண்டாம்.

வந்த விடை சுமார் 19,000 கெல்வின். சூரிய மேற்பரப்பை விட மூணு மடங்குக்கும் மேல. தங்கம் உருகுறது 1,064 டிகிரி செல்சியஸ்ல, அதாவது 1,337 கெல்வின். அதுல 14 மடங்கு சூட்டுலயும் தகடு உருகாம திடப்பொருளாவே நின்னுச்சு! உருகுநிலையில மூணு மடங்குக்கு மேல எந்தத் திடப்பொருளும் தாங்காதுன்னு 1988-ல போட்ட 'என்ட்ரோபி பேரழிவு' எல்லை அங்க காலி. இயற்பியல் விதி எதுவும் உடையல. நொடியில லட்சம் கோடியில ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துல சூடேறுனதால, விரியறதுக்கே அதுக்கு அவகாசம் கிடைக்கல, அவ்வளவுதான்.

37 வருஷம் எல்லாரும் நம்புன எல்லை அது. நேரா அளந்து பார்த்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஆபீஸ்ல நான் 'இதுக்கு மூணு நாள் ஆகும்'னு அடிச்சு விடற எஸ்டிமேட் எல்லாம் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

அம்மா வந்து பார்த்தாங்க. 101. "உத்தேசமா கொஞ்சம் சூடுதான்னு நெனச்சேன், நல்லா இருக்கே"ன்னாங்க. அளந்தாத்தான் தெரியும்மா!

நீங்க அளக்காமலே நம்பி ஏமாந்த நம்பர் ஏதாவது உண்டா மக்களே? பின்னூட்டத்துல கொட்டுங்க.