தாவரச் சான்றும் மண்சான்றும்

உலகின் தட்பவெப்பத்தையும் மண்ணையும் தாவரத்தையும் படமாக வரைந்த முயற்சி, இரண்டு நூற்றாண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றில் ஓர் ஐயம் தொடர்ந்து வருகின்றது. தாவரத்தைச் சான்றாகக் கொண்டு தட்பவெப்ப எல்லையை வரைந்த பின், அவ்வெல்லையைக் கொண்டே தாவரத்திற்குக் காரணம் கூறுவது பொருந்துமா என்பதே அது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1802-ஆம் ஆண்டில் ஆண்டீசு மலைத்தொடரின் சிம்போராசோ மலையில் ஏறிய அலெக்சாண்டர் ஹம்போல்ட், உயரம் மாறுந்தோறும் செடிகொடிகளும் மாறுதலைக் கண்டார். அக்காட்சியை 1807-இல் மலையின் குறுக்குவெட்டுப் படமாக வெளியிட்டார். ஒத்த வெப்பமுடைய இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளை 1817-இல் அமைத்தவரும் அவரே. வெப்பமானி தரும் எண்ணும் தாவரம் தரும் தோற்றமும் அவரிடத்தில் இருவேறு சான்றுகளாகவே நின்றன.

அவ்விரண்டையும் ஒன்றாக்கியவர் விளாதிமிர் கோப்பென். செயிண்ட் பீட்டர்சுபர்க்கில் பிறந்து கிரிமியாவில் வளர்ந்த அவர், 1900-இல் உலகத் தட்பவெப்பப் பாகுபாட்டை வெளியிட்டார். 1918-லும் 1936-லும் அதனைத் திருத்தி அமைத்தார். அல்போன்சு தெ கந்தோல் 1874-இல் வகுத்த ஐவகைத் தாவரப் பகுப்பே அதற்கு அடிப்படை. மிகுவெப்ப மாதத்தின் சராசரி 10 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் துருவ வகை என்றார். மரங்கள் வளரும் எல்லை ஏறத்தாழ அக்கோட்டோடு ஒத்துச் செல்வதே காரணம். எனவே அப்படத்தின் எல்லைகளை ஒருவகையில் மரங்களே வரைந்தன எனலாம். வானிலை நிலையங்கள் மிகச் சிலவாக இருந்த காலத்தில் அது சிறந்த வழியே. ஆயினும், 'இங்கு மரமில்லை; ஏனெனில் இது துருவ வகை' என்று பின்வந்தோர் கூறுவராயின், அது கூறியது கூறலன்றி விளக்கம் ஆகாது.

இவ்வட்டத்தினின்றும் வெளியேற மண் துணை செய்தது. உருசிய அறிஞர் தொக்குச்சாயெவ் 1883-இல் கருமண் பற்றி எழுதிய நூலில், மண் என்பது வெறும் பாறைத்தூள் அன்று என்றும், மூலப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகியவற்றால் உருவாகும் தனிப்பொருள் என்றும் நிறுவினார். காலம் அதில் அடங்குதல் நோக்கத்தக்கது. செடி இன்றைய நிலையைக் காட்டும். மண்ணோ பழைய நிலையையும் தன்னுள் வைத்திருக்கும். 1961-இல் தொடங்கப்பெற்ற உலக மண்படப் பணி, 1971 முதல் 1981 வரை 50 இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் வெளிவந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் யுனெசுகோவும் இணைந்து இதனை நிறைவேற்றின.

தமிழகத்தொடு நேரே தொடர்புடைய முயற்சியும் அதே 1961-இல் வெளிவந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் வாயிலாக ஆன்றி கோசன் குழுவினர், கன்னியாகுமரித் தாளைப் பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் வெளியிட்டனர். ஒரு மாதத்து மழை மில்லிமீட்டர் அளவில், அம்மாதத்து வெப்பத்தின் செல்சியசு எண்ணைப்போல் இருமடங்கை விஞ்சாவிடின் அது வறண்ட மாதம் என்பது கோசன் கொள்கை. 28 பாகை வெப்பமுடைய மாதத்தில் மழை 56 மில்லிமீட்டரை விஞ்சாவிடின் அம்மாதம் வறண்டது. இவ்வளவையில் மரத்திற்கு இடமில்லை. மழைமானியும் வெப்பமானியுமே பேசுகின்றன. இன்றுள்ள தாவரத்தையும் அந்நிலத்திற்கு இயல்பாகக் கூடிய தாவரத்தையும் வேறுபடுத்திக் காண்பதும் அம்முறையின் சிறப்பாகும்.

ஆயினும் 'இயல்பாகக் கூடியது' எது என்பதனை எவ்வாறு அறிவது? நீலகிரிப் புல்வெளிகளே இதற்கு உரைகல். சோலைக்காடு அழிந்தமையால் புல்வெளி தோன்றியது எனக் கருதியோர் உளர். அக்கருத்து மெய்யாயின், அங்கே மரம் நடுதல் இழந்ததை மீட்பதாகும். பொய்யாயின், உள்ளதை அழிப்பதாகும். 1993-இல் வெளிவந்த ஆய்வு, அம்மலைச் சதுப்புக் கரிமண்ணின் கார்பன் ஓரிடத்தான்களை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னரே அங்குப் புல்லினம் பரவியிருந்தமையைக் காட்டிற்று. ஆகவே அப்புல்வெளி முழுவதையும் மனிதர் காடழித்ததன் விளைவு எனல் பொருந்தாது. எனினும் அதற்கு முன்பே, வெளிநாட்டுச் சீகை மரமும் தைல மரமும் அப்புல்வெளியில் பெரும்பரப்பைக் கவர்ந்துவிட்டன.

தொல்காப்பியம் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், மரமும் விலங்கும் முதலாயின கருப்பொருள் எனவும் பிரித்து ஓதுதல் தமிழறிஞர் அறிந்ததே. இதனைக் காட்டிக் கோப்பென் பகுப்பைத் தமிழர் முன்னரே கண்டனர் எனல் மிகைக்கூற்றாகும். அகப்பொருள் இலக்கணத்தின் நோக்கம் வேறு. ஆனால் முதலையும் கருவையும் தனித்தனியே வைத்துப் பின்னரே இயைத்தல் வேண்டும் என்னும் முறை நாம் மறவாது போற்றத்தக்கது. சங்கப் பாட்டில் வரும் ஒரு மரத்தின் பெயரைக் கொண்டு அக்காலத்து மழையளவைத் துணிந்து, அம்மழையளவைக் கொண்டு மீண்டும் பாட்டிற்கு உரை காணும் ஆய்வாளர், கோப்பென் படத்தைப் பின்வந்தோர் பயன்படுத்திய பிழையையே செய்கின்றனர். அவ்விடத்து மண்ணின் சான்றையும் அவர் கேட்டல் வேண்டும் என்பதே எம் துணிபு.