மடக்கைத் தொடர்புப் போக்குக் கெழு: விழுக்காடாக வாசிக்கும் முறையின் வரலாறு

தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் மாறிகளின் மடக்கையை எடுத்துக்கொண்டால், கிடைக்கும் கெழுவை டாலர், டன் போன்ற அலகுகளில் அல்லாமல் விழுக்காட்டில் வாசிப்பது வழக்கம். பொருளியலில் இவ்வழக்கம் பரவக் காரணமான ஆய்வுகளுள் முக்கியமானது, பொருளியலாளர் பால் டக்ளசும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கணிதவியலாளர் சார்லஸ் காபும் 1928இல் வெளியிட்ட உற்பத்திச் சார்பு பற்றிய கட்டுரை.

1899 முதல் 1922 வரையான அமெரிக்க ஆலைத்தொழில் தரவை அவர்கள் ஆராய்ந்தனர். 1899ஆம் ஆண்டின் அளவை 100 எனக் கொண்டால், 1922இல் மூலதனம் 431, உழைப்பு 161, உற்பத்தி 240. மூன்றும் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்திருந்தன. உற்பத்தியை உழைப்பு, மூலதனம் ஆகியவற்றின் அடுக்குகளின் பெருக்கலாக எழுதி இருபுறமும் மடக்கை எடுத்தால், பெருக்கல் கூட்டலாகும், அடுக்குகள் கெழுக்களாகும். உழைப்பின் கெழு ஏறத்தாழ 0.75 எனக் கிடைத்தது. அதாவது, மூலதனம் மாறாதிருக்க உழைப்பு 1% கூடினால் உற்பத்தி சுமார் 0.75% கூடும். இதற்கு நெகிழ்ச்சி என்று பெயர். மூலதனத்தின் 0.25 தனியே கணிக்கப்பட்டதன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரு அடுக்குகளின் கூட்டுத்தொகை 1 என முன்னரே கொண்டதால் எஞ்சிய எண்தான் அது.

ஒரு பக்கம் மட்டும் மடக்கை எடுக்கும் வடிவத்தைப் பிரபலமாக்கியது ஜேக்கப் மின்சர் 1974இல் எழுதிய நூல். அமெரிக்க வெள்ளையின ஆண்களின் 1959ஆம் ஆண்டு வருமானத்தை ஆராய்ந்த அவர், பணி அனுபவத்தையும் சேர்த்துக் கணித்தபோது படிப்பு ஆண்டின் கெழு 0.107 என வந்தது. ஓராண்டுப் படிப்புக்கு வருமானம் சுமார் 10.7% கூடும் என்பது வழக்கமான வாசிப்பு. சரியான மதிப்புக்கு 2.718ஐக் கெழுவின் அடுக்குக்கு உயர்த்தி 1ஐக் கழிக்க வேண்டும், விடை 11.3%. வேறுபாடு சிறிதுதான். ஆனால் நான்காண்டுப் பட்டத்துக்கு 0.428ஐ அப்படியே 43% என்று சொன்னால் தவறு பெரிதாகிறது. உண்மையில் அது 53%.

தொழிற்சங்க உறுப்பினரா, இல்லையா என்பதுபோல் 1, 0 மட்டுமே ஏற்கும் போலி மாறிகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே சிறு மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கெழு 0.5 என்றால் உயர்வு 65%, −0.5 என்றால் வீழ்ச்சி 39% மட்டுமே. ஆய்வுக் கட்டுரைகளில் இத்தவறு பரவலாக இருப்பதை ராபர்ட் ஹால்வர்சன், ரேமண்ட் பாம்குவிஸ்ட் இருவரும் 1980இல் எடுத்துக்காட்டினர். மறு ஆண்டே பீட்டர் கென்னடி, கெழு ஒரு மதிப்பீடு என்பதால் அதன் மாறுபாட்டளவையும் கணக்கில் கொள்ளும் திருத்தத்தை முன்வைத்தார்.