தேற்றும் கை

உண்ண உணவு, உடுக்க உடை, உறைய இடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்பர். நான்காவதாக ஒன்றனை 20ஆம் நூற்றாண்டு பெரும் இழப்புகளுக்குப் பின்னரே கற்றுக்கொண்டது. அன்புடன் தொடும் கையே அது. பச்சிளங் குழந்தையைக் கால்மீது கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீவிவிடும் தமிழ்ப் பாட்டிமாரும், பிள்ளை பெற்ற தாயின் உடலை நீவி ஆற்றும் மலாய் மருத்துவச்சியரும் அதனை என்றும் அறிந்திருந்தனர். மேனாட்டு மருத்துவமோ அதனை மறந்து, மறுத்து, மீண்டும் கண்டறிந்தது. அவ்வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறியத்தக்கது.

உடலை மட்டும் கண்ட காலம்

சுவீடன் நாட்டவரான பெர் ஹென்ரிக் லிங் 1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். அதன் வழியே, உடற்பயிற்சியால் நோய் தீர்க்கும் முறை ஐரோப்பாவில் பரவியது. பின்னர் ஆலந்து மருத்துவர் யோகான் மெட்ஸ்கர், வருடுதல், பிசைதல், தட்டுதல் என நீவுமுறைகளை வகைப்படுத்தினார். எனினும், சுளுக்கும் மூட்டுவலியும் தீர்ப்பதே பெரிதும் நோக்கமாயிருந்தது. நீவும் கை மனத்தையும் தொடுகிறது என்பது ஆராயப்படவில்லை.

குழந்தை வளர்ப்பிலோ, தொடுதலே குற்றமாகக் கருதப்பட்டது. அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலில், அணைத்தலும் முத்தமிடலும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றும் பெற்றோர்க்கு அறிவுரை கூறினார். நோய்த்தொற்றுக்கு அஞ்சிய மருத்துவமனைகளும் குழந்தைகளைத் தனிமைப்படுத்தி வைத்தன.

விடுதியும் சிறையும்

இக்கொள்கையின் விளைவை உலகுக்கு உணர்த்தியவர் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர். 1945, 1946ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் அவர் இரு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, ஆதரவற்ற குழந்தைகளின் விடுதி. அங்கு உணவுக்கோ தூய்மைக்கோ குறைவில்லை. ஆயின், ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலியே இருந்தார். கட்டில்களைச் சுற்றித் துணி தொங்கியது. குழந்தைகள் கண்டது கூரையை மட்டுமே. மற்றொன்று, பெண்கள் சிறையைச் சார்ந்த குழந்தைக் கூடம். அங்குக் கைதிகளான தாய்மாரே தம் பிள்ளைகளை எடுத்து வளர்த்தனர். சிறைக்குழந்தைகளில் எவரும் மாளவில்லை. விடுதியின் 91 குழந்தைகளில் 34 பேர் ஈராண்டுக்குள் மாண்டனர்!

அம்மரணங்களுக்குத் தொடுகையின்மை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. தாயின் முகமும் குரலும் விளையாட்டும் அங்கு இல்லை. தொடுகையின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹார்லோ ஆவார். அவர் குரங்குக் குட்டிகளுக்கு இரு செயற்கைத் தாய்களை அமைத்தார். ஒன்று பால் தரும் கம்பித் தாய். மற்றொன்று பாலில்லாத மென்துணித் தாய். குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பியை நாடின. ஏனைய பொழுதெல்லாம் துணியையே பற்றிக்கிடந்தன. அச்சுறுத்தியபோதும் அதனிடமே ஓடின. ஊட்டுவதால் மட்டும் பாசம் பிறப்பதில்லை என்பது 1958இல் இவ்வாறு நிறுவப்பட்டது. ஆயினும், துணித் தாயிடம் வளர்ந்த குரங்குகள் பின்னாளில் தம் இனத்தோடு இயல்பாகப் பழக இயலாது துன்புற்றன. துணி ஆறுதல் தந்தது, தாயாகிவிடவில்லை. உயிர்களைத் துன்புறுத்திப் பெற்ற அறிவு இது என்ற கண்டனமும் வரலாற்றில் நிற்கிறது.

மீண்டும் வந்த கை

பிரெஞ்சு மருத்துவர் பிரெடெரிக் லெபோயர், கல்கத்தாவில் ஒரு தாய் தன் மகவுக்கு எண்ணெய் நீவுவதைக் கண்டு வியந்து, 1976இல் 'சாந்தலா' என்னும் நூலை வெளியிட்டார். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பேழைகள் போதாமையால், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்துவைக்கும் முறையை மருத்துவர் எட்கர் ரேய் 1978இல் தொடங்கினார். வறுமையில் பிறந்த அம்முறையை உலக நலவாழ்வு நிறுவனம் பின்னர் ஏற்றது. பிறந்த உடனேயே தொடங்குமாறு 2022இல் பரிந்துரைத்தது.

அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் குறைமாதக் குழந்தைகளை நாள்தோறும் மூன்று முறை, முறைக்கு 15 நிமிடமாக, பத்து நாள் நீவச் செய்தனர். நீவப்பெற்ற குழந்தைகளின் எடை நாள்தோறும் கூடிய அளவு, ஏனையோரைவிட 47 விழுக்காடு மிகுந்திருந்தது. ஏறத்தாழ ஆறு நாள் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பினர். 1986இல் வெளிவந்த இவ்வாய்வின் தொடர்ச்சியாக, 1992இல் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுகை ஆய்வு நிலையம் தோன்றியது.

காரணத்தை நரம்பியல் விளக்கியது. மயிருள்ள தோலில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 செண்டிமீட்டர் வேகத்தில், உடற்சூட்டோடு வருடும்போதே அவை மிகுதியாகக் கிளர்ந்து, மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. பாட்டியின் கை எந்த வேகத்தில் அசைந்ததோ, அவ்வேகத்திற்கே அந்நரம்புகள் அமைந்திருக்கின்றன!

இதனால், நீவுதல் ஒன்றே மனநோய் தீர்க்கும் என்று கருதிவிடலாகாது. அது பதற்றத்தைத் தணிக்கும், உறக்கத்திற்கு உதவும். கடுஞ்சோர்வுக்கு மருத்துவரின் துணை இன்றியமையாதது. தொடப்படுபவரின் இசைவில்லாத தொடுகை ஆறுதலன்று, அது வன்முறையே.

மழலையின் மேனி தீண்டுவது பெற்றோர்க்குத் தரும் இன்பத்தை வள்ளுவர் மக்கட்பேற்றில் உரைத்தார். அத்தீண்டல் மழலைக்கு இன்பம் மட்டுமன்று, உயிர்த்தேவை என்பதை அந்த 34 குழந்தைகளின் இழப்பு உணர்த்தியது. இன்று முதியோர் இல்லங்களில், உணவும் மருந்தும் வேளை தவறாது பெற்றும், கைப்பிடிக்க ஒருவரின்றி வாழ்வோர் உளர். அவர்களும் அந்நான்காவது தேவைக்கு உரியவர்களே.