கொழும்பு யோசனைகள்

1962 இந்திய – சீனப் போரை அடுத்து, இரு நாடுகளையும் மீண்டும் பேச வைப்பதற்காகக் கொழும்பில் கூடிய ஆறு அணிசேரா நாடுகள் வகுத்த சமரசத் திட்டம். அந்தப் போரைத் தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்வியோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

எல்லைத் தகராறு பழையது. 1914இல் சிம்லாவில் வரையப்பட்ட மக்மகோன் கோட்டைச் சீனா ஒருபோதும் ஏற்கவில்லை. இந்தியா தன்னுடையதெனக் கருதிய அக்சாய் சின் வழியாக, டில்லிக்குத் தெரிவிக்காமலே சீனா போட்ட சாலை 1957இல் முடிந்தது. 1959 மார்ச்சில் திபெத்தியத் தலைவர் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கொங்கா கணவாயில் இந்தியப் பொலிஸார் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டில்லிக்கு வந்தார். கிழக்கில் மக்மகோன் கோட்டை நடைமுறையில் ஏற்கலாம், மேற்கில் அக்சாய் சின் சீனாவிடம் இருக்கட்டும் என்பதே அவர் கோடிகாட்டிய ஏற்பாடு. சாலை விவகாரத்தில் நம்பிக்கை இழந்திருந்த இந்தியப் பிரதமர் நேருவால், பாராளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த கொந்தளிப்பை மீறி அதற்கு இணங்க முடியவில்லை. போரைத் தடுத்திருக்கக்கூடிய கடைசி நல்ல தருணம் அதுவே. 1961 நவம்பரில் இந்தியா வழங்கல் வசதியற்ற மலைகளில் சிறு காவலரண்களை முன்தள்ளத் தொடங்கியது. 1962 ஜூலையில் அவற்றுள் ஒன்றான கல்வான் பள்ளத்தாக்குக் காவலரணைச் சீனர் சுற்றிவளைத்தனர். ஹெலிகொப்டர் மூலமே அதற்கு உணவும் ஆட்களும் போயின. அக்டோபர் 20இல் போர் மூண்ட அன்றே அது வீழ்ந்தது. ஒரு மாதத்தில், இந்தியக் கணக்குப்படி, இந்தியப் படையினர் 1,383 பேர் இறந்தனர். பின் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அழைத்த மாநாடு டிசம்பர் 10 முதல் 12 வரை நடந்தது. பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகியவை கலந்துகொண்டன. இலங்கைக்கு இருபுறமும் கட்டுப்பாடு இருந்தது: 1952 முதல் சீனாவுடன் இறப்பர் – அரிசி ஒப்பந்தம்; இந்தியாவுடன் தீராத மலையகத் தமிழர் குடியுரிமைப் பிரச்சினை. ஆகவே யார் குற்றவாளி என்று மாநாடு சொல்லவில்லை. மேற்கில் சீனப் படை 20 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும், இந்தியப் படை இருந்த இடத்தில் இருக்கலாம், காலியாகும் பகுதியை இரு நாட்டுச் சிவில் காவலரண்கள் நிர்வகிக்கும் என்பதே திட்டத்தின் மையம்.

சிறிமாவோ 1963 ஜனவரியில் பீக்கிங்கிலும் புது டில்லியிலும் நேரில் பேசினார். விளக்கங்களைப் பெற்றபின் இந்தியா முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்றாலும், காலியாகும் பகுதியில் இந்தியக் காவலரண் கூடாது என்பது உட்பட இரு நிபந்தனைகள் வைத்தது. முயற்சி அங்கேயே நின்றது.

அயலாருக்குச் சமரசம் பேசிய இலங்கை, உள்நாட்டில் தமிழர் தலைமையுடன் 1957இல் செய்த பண்டா – செல்வா ஒப்பந்தத்தை மறு ஆண்டே கைவிட்டிருந்தது. 1958 மே மாதம் வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்புப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டு, பலர் கப்பலேறி வடக்கே போனார்கள். வெளியே பேசிய சமரசத்தையும் உள்ளே நடந்த இவற்றையும் கொழும்புத் தமிழரால் தனித்தனியே எண்ணிப் பார்க்க இயலாது.

யோசனைகளின் அடிப்படையில் ஒரு சுற்றுப் பேச்சும் நடக்கவில்லை. எல்லைப் பேச்சு 1981இல்தான் மீண்டும் தொடங்கியது. எல்லை இன்னும் வரையறுக்கப்படவில்லை. 2020 ஜூன் 15 அன்று அதே கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியப் படையினர் 20 பேர் மடிந்தனர்.