டீவியும் கெசட்டும் கணினிக்கு உறுப்பான கதை



போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு நினைவகம் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டார்: "ஸேர், பென் டிரைவ் எல்லாம் வர முந்தி வீட்டுக் கணினியில எதுலதான் சேமிச்சாங்க?" பாட்டுக் கேட்கிற கெசட்டில் என்றேன். வகுப்பே சிரித்தது. பகிடி இல்லை, உண்மைதான். பாடவேளை முடிந்துவிட்டதால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்' சஞ்சிகை அல்டெயர் 8800 என்ற கணினியை அட்டையில் போட்டது. நாமே பொருத்திக்கொள்ளும் பொதி 397 டொலர். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாக ஆளிகளும் சின்ன விளக்குகளும் மட்டும். நினைவகம் 256 பைட். ஒவ்வொரு கட்டளையையும் 0, 1 ஆக ஆளிகளால் தட்டி ஏற்ற வேண்டும். மின்சாரம் நின்றால் அத்தனையும் போச்சு. எழுதிக் காட்டவும் சேமிக்கவும் டெலிடைப் இயந்திரம் வாங்கலாம், ஆனால் அது கணினியை விட விலை கூட.

வீட்டில் ஏற்கனவே டீவியும் கெசட் ரெக்கோடரும் இருந்தன. டீவித் திரையில் எழுத்தை வரவைக்கலாம் என்று டொன் லங்காஸ்டர் என்பவர் 1973இலேயே ஒரு சஞ்சிகையில் செய்து காட்டியிருந்தார். ஆனால் பல டீவிகளின் உள் உலோகச் சட்டம் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகத் தொடுப்பில் இருந்தது. உள்ளே வயர் கொடுத்தால் கணினிக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. (எங்கட பிள்ளைகளும் பழைய டீவியைக் கழற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.)

அதனால் வந்த வழிதான் மொடியுலேட்டர். கணினியின் படத்தைக் குட்டி டீவி நிலையத்தின் அலைபோல மாற்றி அன்டெனாத் துளைக்குள் அனுப்பியது. டீவியைத் திறக்கத் தேவையில்லை. இதற்கும் இடைஞ்சல் வந்தது. அலைக் குழப்பம் பற்றிய அமெரிக்க விதிகள் இறுக்கம் என்பதால், 1977இல் வந்த ஆப்பிள் 2 மொடியுலேட்டர் இல்லாமலே விற்கப்பட்டது. வேறொரு கம்பனி அதைத் தனியாக விற்றது. அந்தக் கணினி வரிக்கு 40 எழுத்து மட்டும் காட்டியதற்கும் காரணம் டீவிதான். அதற்கு மேல் நெருக்கினால் எழுத்துக் கலங்கிவிடும்.

கெசட்டுக்கு வருவோம். 1975 நவம்பரில் 'பைட்' சஞ்சிகை கன்சாஸ் சிட்டியில் ஒரு கூட்டம் கூட்டி, எல்லாரும் பாவிக்கக்கூடிய ஒரு முறையைப் பேசியது. 0 என்றால் 1200 ஹேர்ட்ஸ் ஒலியில் 4 அலை, 1 என்றால் 2400 ஹேர்ட்ஸில் 8 அலை. இரண்டுக்கும் ஒரே நேரம்தான் எடுக்கும். மோட்டர் கொஞ்சம் கூடிக் குறைந்து ஓடினாலும் கணினி ஒலியை வைத்தே கணக்குப் பிடித்துக்கொள்ளும். மலிவு ரெக்கோடருக்கு ஏற்ற நல்ல யோசனை. வேகம்தான் செக்கனுக்கு 300 பிட். 4 கிலோபைட் ஏற்ற ஏறக்குறைய இரண்டரை நிமிடம். வொலியூம் பிசகினால் திரும்பவும் முதலில் இருந்து.

இதை ஏழை வீட்டுப் பக்கம் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் கிளைவ் சின்க்ளேயர் என்றே நான் நினைக்கிறேன். 1980இல் அவருடைய இசெட்எக்ஸ் 80 பொருத்தி முடித்த நிலையில் 99.95 பவுண், அடுத்த வருட இசெட்எக்ஸ் 81 69.95 பவுண். திரையும் சேமிப்பும் வீட்டுக்காரருடையவை, அதனால்தான் அந்த விலை. 80இல் படம் வரைவதும் கணக்குச் செய்வதும் ஒரே சிப். ஒரு விசையைத் தட்டினாலே திரை துடிக்கும். உம்மா வாப்பா செய்தி பார்க்க வந்தால் கணினியை மூட வேண்டியதுதான்! நம் நாட்டில் ரூபவாஹினி தொடங்கியதே 1982இல்.

நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 80களில் அங்குள்ள தேசிய வானொலி, புரோகிராம்களின் அந்தக் கீச்சு ஒலியை அப்படியே ஒலிபரப்பியது. ரேடியோவில் இருந்து கெசட்டில் பதிந்து கணினிக்குக் கொடுத்தால் புரோகிராம் ஓடும், காசு இல்லை.

யாருடைய அலுமாரியிலாவது வேலை செய்கிற கெசட் ரெக்கோடர் இருந்தால் ஒரு கிழமைக்குத் தாருங்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும்.