கோட்டுக்கும் ஓர் எல்லை உண்டு



கட்டடக் கலை பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "தாளில் வரைந்த காலத்தில் நுண்மைக்கு எல்லை இருந்தது, கணிப்பொறியில் அவ்வெல்லை நீங்கிவிட்டதல்லவா?" என்றார். நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது என்றேன். அவ்விடையின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் தாளைப் பார்ப்போம். நூற்றில் ஒரு பங்கு அளவில் ஒரு வீட்டை வரைகிறோம். பேனாவின் கோடு கால் மில்லிமீட்டர் தடிப்புடையது. அத்தடிப்பு மெய்யான சுவரில் 25 மில்லிமீட்டருக்கு ஈடாகும். ஏறத்தாழ ஓர் அங்குலம்! சன்னற் சட்டத்தின் காடி அக்கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். இதனை உணர்ந்த வரைவாளர்கள் நுண்பகுதிகளைத் தனித்தாளில் பெரிதாக்கி, வேண்டுமிடத்து முழு அளவிலேயே வரைந்தனர். அளவுகளை எண்ணால் எழுதியும் வைத்தனர்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஐவன் சதர்லாந்து என்பார் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைத் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். ஒளிப்பேனாவால் திரையில் இட்ட கோடு கணிப்பொறியின் நினைவில் எண்களாக அமைந்தது. படத்தைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காணவும் இயன்றது. பின்னர் 1982இல் ஆட்டோகேட் வந்தது. 2000இல் ரெவிட் வந்தது.

எண்ணுக்கு ஏது தடிப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கணிப்பொறி ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடம் வரம்புடையது. 64 பிட்டுகளில் ஏறத்தாழ 15 அல்லது 16 இலக்கங்களே அடங்கும். பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னமும் இருமக் கணக்கில் முடிவின்றி நீளும். ஆதலின், இரு சுவர்கள் சந்திக்கும் ஒரே முனையை இரு வழிகளிற் கணக்கிட்டால், விடைகள் கடைசி இலக்கங்களில் மாறுபடக்கூடும். அவற்றை வெவ்வேறு முனைகள் எனக் கொண்டால் அறை மூடாது! எனவே, குறித்த இடைவெளிக்குட்பட்ட புள்ளிகளை ஒன்றெனவே கொள்ளுமாறு நிரலாளர் விதி வகுத்தனர். குறுங்கோட்டின் தடை அவ்விதியோடு ஒட்டிப் பிறந்தது. இலக்கப் பிழை மிகச் சிறிதாயினும், ஒவ்வொரு நிரலும் தன் பணிக்கேற்ப எல்லையை அமைத்துக்கொள்கிறது. ரெவிட்டின் எல்லை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு. அதனினும் குறுகிய கோட்டை அது ஏற்பதில்லை. திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை. கோடு மெய்யளவிலேயே பதிவாகிறது.

இதனால் விளையும் இடர் யாது? அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கூரைத் தகட்டின் விளிம்பை வரைகிறோம். கருவி மறுக்கிறது. ஒருவர் அதை ஒரு மில்லிமீட்டராக வரைந்துவிட்டு, உண்மை அளவை எழுத மறந்தால், படத்தை நம்பியவர் இருமடங்கு தடிப்புள்ள தகட்டை வாங்குவார். செலவும் இருமடங்கு, கூரை தாங்கவேண்டிய தகட்டின் எடையும் இருமடங்கு.

ஆகவே, மாணவர்களே, பழைய வரைவாளர் வழியை மறவாதீர்கள். நுண்பகுதியைத் தனியே பெரிதாக்கி வரையுங்கள்; மெய்யளவை எண்ணால் எழுதுங்கள். கருவி எதுவாயினும், அதன் எல்லையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.