எல்லை மலைகளின் தொலைபேசி: தோட்ட இணைப்பகத்திலிருந்து இணைய அழைப்பு வரை

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு மலைகளும் அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தின் பகுதிகளாயின. எல்லைக்கோடு புதிதாக இருந்தாலும் அதன் இருபுறமும் நடந்த வணிகம் பழையது. வண்டன்மேட்டு ஏலக்காய் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கியது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வணிகர்கள் பொள்ளாச்சிச் சந்தையையும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளையும் நம்பியிருந்தனர். மலையும் மழையும் நிர்வாக எல்லையும் குறுக்கிட்ட இத்தகைய வணிகத்துக்குத் தொலைபேசி ஆடம்பரமாக அல்லாமல் தொழிற்கருவியாகவே அமைந்தது. அக்கருவியின் வரலாற்றை, ஓர் அழைப்பை மற்றொன்றோடு சேர்க்கும் இடமான இணைப்பகம் யார் கையில் இருந்தது என்னும் கேள்வியைக் கொண்டே தெளிவாக எழுத முடியும்.

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882 ஜனவரியில் பொது இணைப்பகங்கள் முறைப்படி தொடங்கின. மலைப்பகுதியின் தொடக்கம் வேறு விதமானது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதைத் தொடர்ந்து, 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உருவாயிற்று. அரசு நிர்வாகம் எளிதில் எட்டாத அந்த உயரத்தில் சாலை, மின்சாரம், 1908-இல் இருப்புப்பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், டாப் ஸ்டேஷனிலிருந்து தமிழகப் பக்கத்துக் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய கம்பிவடப் பாதை என அடிப்படை வசதிகள் பலவற்றைக் கம்பெனியே அமைத்துக்கொண்டது; தொலைபேசியும் அவ்வாறே வந்தது. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில், 1909-ஆம் ஆண்டினது எனக் குறிக்கப்பட்ட தனியார் இணைப்பகக் கருவியும் பழைய மாக்னெட்டோ தொலைபேசியும் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

மாக்னெட்டோ தொலைபேசி என்பது கைப்பிடியைச் சுழற்றி மின்னோட்டம் உண்டாக்கும் கருவி. பெட்டிக்குள் நிலைகாந்தங்களுக்கு இடையே ஒரு கம்பிச்சுருள் சுழலும்போது எழும் மின்னோட்டம் கம்பி வழியே சென்று, இணைப்பகப் பலகையில் அந்த எண்ணுக்கு உரிய சிறு மூடியைக் கீழே விழச்செய்யும். மூடி விழுந்ததைக் கண்ட பணியாளர் வடத்தின் முனையிலுள்ள செருகியை அந்தத் துளையில் பொருத்தி, யாரோடு பேச வேண்டும் என்று கேட்டறிந்து, மறுமுனைச் செருகியை உரிய துளையில் செருகி மணியடிப்பார். பேச்சுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தொலைபேசிப் பெட்டியிலேயே இருந்த உலர் மின்கலங்கள் தந்தமையால், மலையில் மின்சாரம் நின்றாலும் கம்பி அறாதவரை பேச முடிந்தது. எனினும் இது பங்களாவையும் தொழிற்சாலையையும் தலைமை அலுவலகத்தையும் இணைத்த நிர்வாகக் கருவியே. திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் எனப்படும் ஆள்சேர்ப்போர் வழியே வந்து லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்க்கு ஊர்ச்செய்தி கடிதத்திலும் ஆள்வழிச் சொல்லிலுமே வந்தது.

விடுதலைக்குப் பின் தொலைபேசி அரசுத் துறையின் பொறுப்பில் விரிந்தபோது, சிறு வணிகரும் அதன் வட்டத்துக்குள் வந்தனர். ஆனால் ஊர்விட்டு ஊர் பேசுவதற்கு ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதாவது இணைப்பகப் பணியாளரிடம் எண்ணைச் சொல்லிவிட்டு, இடைவழியிலுள்ள இணைப்பகங்கள் ஒன்றையொன்று பிடித்து வழி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் எனக் கட்டணம் உயர உயரக் காத்திருப்பு குறைந்தது. மூன்று நிமிடங்களை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் இணைக்கச் சொல்லும் பி.பி. கால் முறையும் இருந்தது. காயின் பருமன், நிறம், உலர்வு ஆகியவற்றைப் பார்த்து விலை குறிக்கப்படும் ஏலக்காய்ச் சந்தையில் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால், அன்றைய போடி விலையை முதலில் அறிந்தவருக்கே பேரம் பேசும் வலிமை இருந்தது. தொலைபேசி இல்லாத சிறு விவசாயி வணிகர் சொன்ன விலையை ஏற்க வேண்டியவரானார்.

இந்தக் காத்திருப்பைத் தானியங்கி இணைப்பகங்கள் படிப்படியாக நீக்கின. சுழற்றிய எண்ணுக்கு ஏற்ப இயந்திரமே வழியைத் தேர்ந்து இணைக்கும் இம்முறை தொலைதூரத்துக்கும் விரிந்தபோது எஸ்.டி.டி. எனப்பட்டது, இந்தியாவில் அது 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. பாலக்காட்டு எல்லைக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. 1948-இல் பெங்களூரில் தோன்றிய இந்தியத் தொலைபேசித் தொழிலகமான ஐ.டி.ஐ., 1976-இல் பாலக்காட்டுக்கும் வாளையாற்றுக்கும் இடையிலுள்ள கஞ்சிக்கோட்டில் தன் ஆலையைத் தொடங்கி, அசையும் உறுப்புகளுக்கு மாறாக மின்னணுச் சுற்றுகளைக் கொண்டு இணைக்கும் இணைப்பகங்களைப் பின்னாளில் தயாரித்தது. 1984-இல் அமைந்த தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் வடிவமைத்து, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்ட சிற்றூர்த் தானியங்கி இணைப்பகம், குளிரூட்டும் வசதி இல்லாத சிறிய அறையிலும் இயங்கக்கூடியதாக இருந்ததால், நாட்டின் சிற்றூர்களுக்கு நேரடி அழைப்பு எட்டியது.

அடுத்து வந்த ஆண்டுகளில் கடைத்தெருக்களில் மஞ்சள் பலகையுடன் எஸ்.டி.டி. பூத்துகள் நிறைந்தன, இரவு பதினொரு மணிக்குப் பின் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்பதால் அந்நேரத்தில் அங்கே கூட்டம் கூடியது. ஓரளவு வளர்ந்த கடைகளும் மூணாறு, தேக்கடி விடுதிகளும் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்னும் மின்னணுத் தனி இணைப்பகத்தை வாங்கின. வெளியிலிருந்து வரும் இரண்டு மூன்று இணைப்புகளை உள்ளேயுள்ள பல அறைகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வோர் அறைக்கும் எக்ஸ்டென்ஷன் எனப்படும் கிளை எண் தருவதே இதன் பணி. பெருங்கம்பெனி 1909-இல் வைத்திருந்த வசதி இவ்வாறு சிறு முதலாளியின் மேசைக்கு வந்தது. பொது இணைப்பகத்தின் மின்கலங்கள் செம்புக் கம்பி வழியே 48 வோல்ட் அளித்தமையால், கடையில் மின்சாரம் போனாலும் நேரடி இணைப்பில் பேச முடிந்தது.

1996-இல் கேரளத்துக்குக் கைபேசி வந்தபோது எல்லைக்கோடு மீண்டும் முன்னுக்கு வந்தது. கேரளமும் தமிழ்நாடும் தனித்தனி உரிமப் பகுதிகளாக வகுக்கப்பட்டதால், குமுளியிலிருந்து கூடலூருக்கு இறங்கினாலே ரோமிங் எனப்படும் வெளிவட்டக் கட்டணம் தொடங்கியது. இரு மாநிலத்துக்கும் இரு சிம் வைத்துக்கொள்வது எல்லை வணிகருக்குச் சிக்கனமாக இருந்தது, 2015-இல் பி.எஸ்.என்.எல். வெளிவட்டத்தில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது இச்சுமையைக் குறைத்தது. இணைய அழைப்புக்கு 2002 ஏப்ரலில் வரையறைக்குட்பட்ட அனுமதி கிடைத்தாலும், இந்தியாவுக்குள் சாதாரணத் தொலைபேசி எண்களோடு இணையவழி பேசுவது 2018-இல்தான் தெளிவாக இடம்பெற்றது. அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு ‘விங்ஸ்’ என்னும் சேவையை அறிவித்தது.

இணைய அழைப்பில் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. வழக்கமான முறையில் ஒலி நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எட்டு இரும இலக்கங்களால் குறிக்கப்படுவதால், நொடிக்கு 64,000 இரும இலக்கங்கள் சேர்கின்றன. இவை பெரும்பாலும் 20 மில்லிநொடிப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு இணையத்தில் அனுப்பப்படுகின்றன. மணியடிப்பது, இணைப்பது, துண்டிப்பது ஆகியவற்றுக்கான ஒழுங்குமுறை சிப் (SIP) எனப்படும். இதில் இணைப்பகம் கடையில் இருக்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள கணினியே அதுவாகும். வண்டன்மேட்டுக் கடை, போடிக் கிடங்கு, கொச்சி அலுவலகம் ஆகிய மூன்றும் ஒரே இணைப்பகத்தின் கிளை எண்களாக இருக்க, அவற்றிடையே பேசுவதற்குத் தனிக் கட்டணம் எழுவதில்லை. ஏலக்காய் ஏலமே புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு முறைக்கு மாறிவிட்ட காலத்தில், தொலைபேசியும் அதே கம்பிக்கு வருவது இயல்பான வளர்ச்சியே.

ஆயினும் இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. செம்புக் கம்பி தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது; ஒளியிழைக் கம்பி அவ்வாறு கொண்டுவருவதில்லை. கடையிலுள்ள மோடம், ரவுட்டர், ஐ.பி. தொலைபேசி ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் இருந்தால்தான் மணி ஒலிக்கும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 உயிர்கள் பறிபோனபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால் வெளியுலகம் மறுநாள் காலையில்தான் செய்தியை அறிந்தது. மழைக்கால மலையில் ஓர் இணைப்பு எத்தனை மலிவு என்பதைவிட, எப்போது அறும் என்பதே முதற்கேள்வி என்பதை அந்தத் துயரம் காட்டியது.

மேலும், கைபேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுசெல்ல முடிவது போல நிலைத்தொலைபேசி எண்ணைக் கொண்டுசெல்லும் வசதி இந்தியாவில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே பல ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த எண்ணை விட்டுக்கொடுப்பது வணிகத்துக்கு நட்டமாக முடியும். கம்பெனியின் பலகையிலிருந்து அரசின் கட்டடத்துக்கும், அங்கிருந்து கடைக்காரரின் பெட்டிக்கும், இன்று தொலைவிலுள்ள கணினிக்கும் இணைப்பகம் இடம்பெயர்ந்துள்ளது. முதல் இரண்டு மாற்றங்களில் சிறு வணிகரின் கைக்கு நெருங்கி வந்த அது, மூன்றாவதில் அவர் கைக்கு எட்டாத இடத்துக்குச் சென்றுவிட்டது. ஆகவே எல்லை மலைகளின் சிறு வணிகர் இணைய அழைப்புக்கு மாறுவது தக்கதே. ஆனால் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொண்டு, கருவிகளுக்கு மின்கலக் காப்பு அமைத்து, வேறு நிறுவனத்தின் வழியே இரண்டாவது இணைப்பையும் உறுதிசெய்த பின்னரே மாற வேண்டும்.